தற்காலிக டிரம்பெட்

சுங்கை மெலோர் தேயிலைத் தோட்டத்தின் கலை வளர்ச்சிக் குழு எந்தக் கலையையும் வளர்த்துவிட்டதாக அதன் மீது இன்றுவரை யாரும் பழி சுமத்தியதில்லை. குழு மாதம் ஒருமுறை கூடும். போன கூட்டத்தில் தேநீர் ஆறிப்போயிருந்தது குறித்து ஆழ்ந்த கவலை தெரிவிக்கும். அந்தக் கவலையை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்துவிட்டுக் கலையும். கலை என்ற சொல்லுக்குக் குழு கண்ட பொருள் அவ்வளவுதான்.

இப்படி யாருக்கும் கெடுதல் இல்லாமல் இருந்த குழுவுக்கு 1979ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு போன் வந்தது. கம்பெனியின் சேர்மன் ஏதோ வெளிநாட்டு ஓட்டலில் தங்கியிருந்தபோது அங்கே ஒரு வாத்தியக் கூட்டம் வாசித்திருக்கிறது. சேர்மனின் மனைவி காலால் தாளம் போட்டாராம். அந்த அம்மாள் எதற்கும் அசைந்து சேர்மன் பார்த்ததில்லை. ஆகவே கம்பெனியின் பொன்விழாவுக்கு அதே மாதிரி ஓர் இசைத்தட்டு வெளியிட வேண்டும். அதைத் தோட்டத்து ஆட்களே வாசிக்க வேண்டும், தோட்டத்துத் தேயிலை ஆலையிலேயே பதிவாக வேண்டும் என்பது உத்தரவு.

போனை எடுத்தவர் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி அர்ஜுனன், குழுவின் செயலாளரும் அவர்தான். அன்று மலையில் மூடுபனி. போன் கம்பியில் வடை சுடுகிற சத்தம். அதற்குள்ளிருந்து அவருக்குத் தெளிவாகக் கிடைத்தவை நான்கே சொற்கள். லத்தீன், பிக் பேண்டு, சல்சா, ஜாஸ். ஒவ்வொன்றுக்கும் எழுந்து நின்று "எஸ் சார்" சொன்னார். புரியாததை மேலிடத்தில் திருப்பிக் கேட்பது அவருடைய முப்பது வருட உத்தியோகத்தில் நடந்ததில்லை. அப்படிக் கேட்டிருந்தால் பெரிய கிராணியாகவும் ஆகியிருக்க மாட்டார்.

மறுநாளே அவசரக் கூட்டம். சல்சாவுக்கு அர்த்தம் தேடித் துரை பங்களாவிலிருந்து தடித்த அகராதி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். தக்காளிச் சட்னி மாதிரி ஒரு பதார்த்தம் என்று அதில் போட்டிருந்தது. அகராதி பொய் சொல்லுமா? கோலா தெர்லாவில் தக்காளித் தோட்டம் போட்டிருக்கும் காளியண்ணனை உடனடியாகச் சல்சா ஆலோசகராக நியமித்தார்கள். ஜாஸ் என்றால் மலாயில் கோட்டு என்று ஒருவர் எடுத்துச் சொன்னார். உண்மையிலேயே மலாயில் அப்படித்தான். ஆகவே வாத்தியக்காரர் அனைவரும் கோட்டு அணிவது என்று தீர்மானமாயிற்று. பிக் பேண்டில்தான் தகராறு வந்தது. அது பெரிய வாத்தியக் குழு என்றார் அர்ஜுனன். கோட்டுக்குக் கீழே வருவது பேண்டுதானே, பெரிய பேண்டு என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்றார் ஸ்டோர் கிராணி வீரப்பன். தையற்காரர் அவருடைய மைத்துனர். இரு தரப்பும் மனம் கோணாதபடி, ஆட்களும் நிறைய, பேண்டின் அடிப்பக்கமும் அகலம் என்று முடிவானது.

லத்தீனில் மட்டும் யாருக்கும் சந்தேகமே இல்லை. அந்த மலையில் லத்தீன் என்றால் மாதா கோயிலில் முன்பு பாடிய பூசைப் பாட்டுத்தான். பூசை தமிழுக்கு மாறிப் பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. சாமியாரே மறந்துபோன அந்தப் பாட்டுகளை இன்னும் பாடிக்கொண்டு திரிகிறவன் தோட்டத்தில் ஒருவன்தான். கிரகரியைக் கூப்பிடு என்றார்கள்.

கிரகரி ஆலையின் மேல்மாடியில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாடவைக்கிறவன். வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது ஒரு டிரம்பெட்டை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதில் கிரகரிக்கு வாசிக்கத் தெரிந்தது ஒரே பாட்டு, கோயிலில் கேட்ட ஒரு லத்தீன் பாட்டு. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பெண்ணுக்கு முன்னால் அவன் அதை ஊதிக்கொண்டு நடப்பான். மாதா கோயிலுக்கும் அதே பாட்டுத்தான், மாரியம்மன் கோயிலுக்கும் அதே பாட்டுத்தான். இரண்டு அம்மாக்களும் ஆட்சேபித்ததில்லை. மலைக் குளிரில் டிரம்பெட்டின் ஒரு கட்டை இறுகிக்கொள்ளும். பாட்டின் நடுவே ஓரிடத்தில் சேவல் தொண்டை கட்டினாற்போல் ஒரு பிசிறு விழும். ஆரம்பத்தில் சிரித்தார்கள். பிறகு அந்தப் பிசிறு விழுந்தால்தான் நல்ல சகுனம் என்று ஆகிவிட்டது. பிசிறு வந்ததும் பெண்கள் குலவை போடுவார்கள்.

இதைப் பொறுக்குமா குழு? ஐந்து வருடம் முன்பு, தோட்டத்தில் சத்தம் எழுப்பக்கூடிய பொருள்கள் யாவும் குழுவுக்கே சொந்தம் என்று ஒரு தீர்மானம் போட்டார்கள். டிரம்பெட் அதிகாரிகள் கிளப்பின் கண்ணாடி அலமாரிக்குள் போனது, சாவி அர்ஜுனனின் இடுப்புக்குப் போனது. அதிலிருந்து லயத்துக் கல்யாணங்கள் ஊமைக் கல்யாணங்களாயின.

இப்போது கிரகரியின் மகள் பவுலினுக்கே கல்யாணம். மாப்பிள்ளை தோமஸ், தானா ராத்தாவில் காய்கறி லோரி ஓட்டுகிறவன். தோட்டத்துக் கோயிலுக்குச் சாமியார் மாதம் ஒரு சனிக்கிழமைதான் வருவார். அடுத்து அவர் வரும் சனியை விட்டால் தவக்காலம் தொடங்கிவிடும். தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. தேதி குறித்த அன்று பவுலின் அப்பனிடம் கேட்டது ஒன்றுதான்.

"ஊரு பொண்ணுக்கெல்லாம் ஊதுனீங்க. எனக்கு ஊத மாட்டீங்களாப்பா?"

அந்தக் கேள்வி கிரகரியைத் தூங்கவிடாமல் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் குழுவிலிருந்து ஆள் வந்தது.

"ஏ கிரகரி, ஒனக்கு லத்தீன் தெரியுமாமே?" என்றார் அர்ஜுனன்.

கிரகரி கைகட்டி நின்றான். "பாடத் தெரியும் கிராணி. அர்த்தம் தெரியாது."

"அர்த்தம் தெரியணும்னு ஹெட் ஆபீசு கேக்கல லா. அர்த்தம் தெரிஞ்சவன் யாரு இந்தக் கம்பெனியில இருக்கான்?" அர்ஜுனன் தான் சொன்னதை ஒரு கணம் யோசித்துப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "ரிக்கார்டிங்ல நீ லத்தீன் ஊதணும்."

"டிரம்பெட்டு குடுப்பீங்களா கிராணி?"

"டிரம்பெட்டு இல்லாம மூக்குலயா ஊதுவ?"

"முடிஞ்சதும் ஒரு நாளைக்கு மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோறேன் கிராணி. எம் மக கல்யாணம்."

"ரிக்கார்டிங் நல்லபடியா முடியட்டும். கல்யாணத்துக்கு முந்தியே முடிஞ்சிரும். தாராளமா எடுத்துக்க," என்றார் அர்ஜுனன். தாராளம் அவர் வாயில் எப்போதும் உண்டு.

கிரகரி மேட்டில் ஓடியே வீடு சேர்ந்தான். மனைவி ரீட்டா நம்பவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

பூசாரிகள் அடுத்த கூட்டத்திலேயே வேலையைக் காட்டினார்கள். வாத்தியங்களை யாருக்கு எது என்று பிரிப்பதற்கு ஒரு முறை வேண்டுமல்லவா? வாசிக்கத் தெரிந்தவனிடம் கொடுப்பது என்று ஒருவர் யோசனை சொன்னார். அப்படிச் செய்தால் நிர்வாகமே குலைந்துவிடும் என்று அர்ஜுனன் எச்சரித்தார். கடைசியில் பதவிப்படி கொடுத்தார்கள். பெரிய டிரம் பெரிய கிராணிக்கு. சாக்சபோன் ஆலை மேலதிகாரிக்கு. தையற்காரரின் மச்சானான ஸ்டோர் கிராணிக்குப் பளபளவென்று ஒரு டிராம்போன். கங்காணிமார்களுக்கு ஆளுக்கொரு கஞ்சிரா. லயத்தில் சாவுக்கும் சாமி ஊர்வலத்துக்கும் வாசிக்கிற மாடசாமி வகையறா எட்டுப் பேருக்கு மிச்சம் மீதி. டிரம்பெட் ஆபீஸ் தரத்து வாத்தியமாம். கூலி தரத்தில் இருந்த கிரகரிக்கு விதிப்படி வந்தது ஒரு முக்கோணக் கம்பி. அதை ஒரு குச்சியால் தட்ட வேண்டும்.

டிரம்பெட்டை இளைய கிராணி ஒருவர் மூன்று நாள் ஊதினார். கன்னம் வீங்கியதே தவிர காற்று மறுபக்கம் வரவில்லை. வேறு வழியில்லாமல் கிரகரிக்கு டிரம்பெட் வந்தது. ஆனால் நியமனம் நிரந்தரமல்ல. அவன் கோட்டில் குத்தியிருந்த அட்டையில் "தற்காலிக டிரம்பெட்" என்று எழுதியிருந்தது. ஒத்திகை முடிந்ததும் டிரம்பெட் அலமாரிக்குப் போய்விடும், கிரகரி லயத்துக்கு வந்துவிடுவான்.

ஒத்திகையைப் பற்றி அதிகம் சொல்லாமல் இருப்பதே மரியாதை. சாக்சபோனிலிருந்து மாடு ஈனுகிற ஓசை வந்தது. அதிகாரி சங்கதி போடுகிறார் என்றார்கள். பெரிய கிராணி நினைத்தபோது டிரம்மை அடிப்பார். மற்றவர்கள் அதற்கேற்பத் தாளத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அதுதான் கட்டுப்பாடு.

பதிவு தேதி இரண்டு முறை தள்ளிப்போனது. முதல் முறை பேண்டுகள் தைத்து முடியவில்லை. இரண்டாம் முறை தக்காளி பழுக்கவில்லை. மூன்றாவதாகக் குறித்த தேதி, சாமியார் வரும் அதே சனிக்கிழமை காலை பத்து மணி. அன்று மாலை தானா ராத்தாவில் சேர்மனுக்குக் கோல்ஃப் இருந்தது. அதை மாற்ற முடியாது.

கிரகரி அர்ஜுனனிடம் ஓடினான்.

"கிராணி, அதே நேரத்துலதான் எம் மக கல்யாணம்."

"கல்யாணத்தைத் தள்ளிவை லா."

"முடியாது கிராணி. தவக்காலம் வந்துரும். அப்புறம் ஈஸ்டர் வரைக்கும் காத்திருக்கணும். மாப்பிள்ளை வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க."

அர்ஜுனன் பேனாவைக் கீழே வைத்து நியாயமாகவே யோசித்தார். "அப்பன்னா சாமியார்கிட்ட சொல்லித் தவக்காலத்த ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லு. கலை வளர்ச்சிக் குழு கேட்டுச்சுன்னு சொல்லு. வேணும்னா குழுவே எழுதித் தரும்."

"அது போப்பாண்டவரு கையில இருக்கு கிராணி."

"அவருக்கு மேல யாரு?"

கிரகரி அண்ணாந்து பார்த்தான். அர்ஜுனனும் பார்த்தார். ஆபீஸ் கூரையில் ஒழுகிய கறை மட்டும் தெரிந்தது.

அன்று வீட்டில் ரீட்டா அரிசி புடைத்துக்கொண்டே பேசினாள். "போங்க. போயிச் சேர்மனுக்கு ஊதுங்க. பொண்ண எந் தம்பி கூட்டிட்டுப் போவான். பெத்தவனுக்கு வேலை இருக்குன்னு நாலு பேருகிட்ட சொல்லிக்கிறோம்." பவுலின் வெள்ளைச் சேலையின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் கிரகரி தாங்கியிருப்பான்.

சனிக்கிழமை வந்தது. சத்தம் கூடாது என்று ஆலையின் இயந்திரங்களை நிறுத்தினார்கள். கொழுந்து மேல்மாடியில் கிடந்து கறுத்தது. கோலாலம்பூரிலிருந்து ஒலிப்பதிவு செய்ய லிம் என்ற சீனர் வந்திருந்தார். அவர் கோட்டுகளைப் பார்த்தார், பேண்டுகளைப் பார்த்தார், கிரகரி லத்தீனில் முணுமுணுப்பதைக் கேட்டார்.

"துவான், இது வேற லத்தின் லா. டான்சு ஆடுற லத்தின். கோயில் லத்தின் இல்ல," என்றார் லிம் தனக்குத் தெரிந்த தமிழில்.

"நீங்க குழு உறுப்பினரா?" என்று கேட்டார் அர்ஜுனன்.

"இல்ல."

"அப்போ கருத்துச் சொல்ல முடியாது."

லிம் சற்று நேரம் கழித்து மறுபடி கேட்டார். "சல்சா எங்க?"

காளியண்ணன் பெருமையோடு தக்காளிச் சட்னிப் பானையைத் திறந்தார். லிம் விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். "செடாப்," நன்றாக இருக்கிறது என்று மலாயில் சொல்லிவிட்டுத் தன் மிஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

இசைக்கு முன்னால் சேர்மன் சிற்றுரை ஆற்றுவார் என்றார்கள். உரையும் தட்டில் ஏற வேண்டும், ஓர் எழுத்துகூட வெட்டக் கூடாது என்று லிம்மிடம் இரண்டு தடவை சொல்லிவைத்தார்கள். சேர்மன் மைக்கைப் பிடித்தார்.

"உழைப்பாளித் தோழர்களே! இசை என்பது என்ன? இசை என்பது ஒழுக்கம். ஒழுக்கம் என்பது வரிசை. மேலே இருப்பவர் மேலே இருப்பது, கீழே இருப்பவர் அதைக் கண்டு மகிழ்வது. நான் தொழிலாளியின் வீட்டுக்குள் சென்றதில்லை. ஆனால் என் காரின் கண்ணாடியை இறக்கிப் பலமுறை பார்த்திருக்கிறேன்."

கைதட்டினார்கள். அரை மணியாகியும் சிற்றுரை பெருகிக்கொண்டே போனது. கிரகரி டிரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்திருந்தான். லயத்திலிருந்து கோயிலுக்குப் போகிற பாதை ஆலையைச் சுற்றித்தான் போகும். பனிக்குள்ளிருந்து குடைகள் வந்தன. முன்னால் ரீட்டாவின் தம்பி. நடுவில் வெள்ளைச் சேலையில் பவுலின். மேளமில்லை, தாளமில்லை. சாவு வீட்டுக்குப் போகிறவர்களைப் போல வந்தார்கள்.

"தேயிலைச் செடியைப் பாருங்கள்," என்றார் சேர்மன். "அது தலைதூக்கும் போதெல்லாம் நாம் கிள்ளுகிறோம். அது கோபப்படுகிறதா? இல்லை! மறுபடியும் துளிர்க்கிறது. எதற்காக? மறுபடியும் நாம் கிள்ளுவதற்காக! அதுவல்லவோ விசுவாசம்!"

கிரகரி எழுந்தான்.

எழுந்தது கால்தான், அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது என்று பின்னாளில் சொல்வான். பதவி வரிசைப்படி அவன் கடைசியில், கதவுக்கருகில் உட்கார்ந்திருந்தான். வாசலில் சட்னிப் பானையோடு நின்ற காளியண்ணன் ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார். அகலப் பேண்டு தடுக்கத் தடுக்கக் கிரகரி பாதையில் ஓடி, மகளுக்கு முன்னால் போய் நின்று, மூச்சு வாங்கி, ஊதினான்.

அதே பாட்டு. அர்த்தம் தெரியாத அதே லத்தீன். பவுலின் குடையை விட்டு வெளியே வந்து நின்றாள். அவள் அழுதாள், சிரிக்கவும் சிரித்தாள். ரீட்டா தலையில் அடித்துக்கொண்டு, "ஐயோ, வந்துட்டாரு பாருடி!" என்று கத்தினாள். ஆலைக்குள் மாடசாமி தன் டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தான். அவனுக்குப் பின்னால் அவன் ஆட்களும் எழுந்து ஒவ்வொருவராக வெளியே போனார்கள். உள்ளே மிஞ்சியவர்கள் அதிகாரிகளும் அவர்கள் மடியில் இருந்த வாத்தியங்களும்தான்.

சேர்மன் நிறுத்துவாரா? சத்தம் கேட்டதும் குரலை உயர்த்தினார். லிம் எழுந்துபோய் ஒரு மைக்கை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, எதுவும் தெரியாதவர் போல் வந்து உட்கார்ந்தார். அதை அர்ஜுனன் பார்க்கவில்லை. சேர்மன் "ஒழுக்கம்" என்று மறுபடி முழங்கிய அதே கணத்தில் வெளியே அந்தப் பிசிறு விழுந்தது. பெண்கள் குலவை போட்டார்கள்.

உரை முடிந்தபோது லிம்மிடம் டேப்பும் முடிந்திருந்தது.

கிரகரியை வேலையை விட்டு நிறுத்த உத்தரவு தயாரானது. டிரம்பெட் அலமாரிக்குத் திரும்பியது. உரையிலிருந்து ஊதலை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்கள். சர்க்கரை கரைந்த தேநீரிலிருந்து சர்க்கரையை மட்டும் எடுக்க முடியுமா என்று லிம் கேட்டார். ஊதலை வெட்டினால் உரையும் போகும், உரையில் ஓர் எழுத்தும் போகக் கூடாது. ஆகவே "பொன்விழா லத்தீன் இசை" என்ற தலைப்பில் தட்டு அப்படியே வெளிவந்தது. முதல் பக்கம் சேர்மன் உரை. இரண்டாம் பக்கம் உரையின் தொடர்ச்சி.

கூட்டத்துக்குக் கூட்டம் ஒத்திவைத்த உத்தரவில் கையெழுத்தாகும் முன் சேர்மனிடமிருந்து போன் வந்தது. அவர் தட்டைப் போட்டுக் கேட்டிருக்கிறார். மனைவி மறுபடியும் காலால் தாளம் போட்டிருக்கிறார். என் உரைக்குப் பின்னால் உணர்ச்சி பொங்கும் இடத்தில் இசை வைத்தது யார் என்று கேட்டார். அர்ஜுனன் எழுந்து நின்றார். "நான்தான் சார்," என்றார். கிரகரியின் உத்தரவு குப்பைத் தொட்டிக்குப் போனது. வருடத்துக்கொரு தட்டு, வருடத்துக்கொரு உரை என்று மேலிடம் அறிவித்தது. குழு தன் ஆண்டறிக்கையில் லத்தீன் ஊதப்பட்டது, ஜாஸ் அணியப்பட்டது, சல்சா பரிமாறப்பட்டது, இலக்கு முழுமையாக எட்டப்பட்டது என்று எழுதிக்கொண்டது. அதில் ஒரு வரியும் பொய்யில்லை.

தானா ராத்தாவில் பவுலின் குடியிருந்த வீட்டுக்குக் கீழே ஒரு காப்பிக்கடை. கடைக்காரர் அந்தத் தட்டை அடிக்கடி போடுவார். முள்ளை உரையின் நடுவில்தான் வைப்பார். பிசிறு விழுந்ததும் எடுத்துவிடுவார். பவுலின் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே, "எங்கப்பா," என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வாள்.

அடுத்த வருடம் தேதி அறிவிக்கும் முன்பே ஆபீஸ் வாசலில் லயத்துப் பெண்கள் வந்து நின்றார்கள். இராசம்மா முன்னால் வந்தாள்.

"கிராணி, சேர்மன் ஐயா இந்த வருசம் என்னைக்குப் பேச வர்றாங்க?"

"எதுக்குக் கேக்குற?"

"நெறையப் பேசுவாங்கல்ல கிராணி? போன தடவ மாதிரி?"

"அதுக்கும் மேல பேசுவாரு."

இராசம்மா திரும்பி மற்றவர்களைப் பார்த்துத் தலையாட்டினாள். அர்ஜுனனுக்கு மனம் நிறைந்துபோயிற்று, தேதியையும் சொன்னார். தொழிலாளர்களிடையே கலை ஆர்வம் பெருகி வருகிறது என்று அன்றைய குறிப்பில் தன் கையாலேயே எழுதினார்.

இராசம்மா தேதியை மனதில் முடிந்துகொண்டு, மகளுக்கு அன்றைக்கே முகூர்த்தம் குறிக்க மாரியம்மன் கோயில் பூசாரி வீட்டுக்கு நடந்தாள். வழியில் கிரகரியின் வீட்டில் எட்டிப் பார்த்து, "அண்ணே, பேண்டு மட்டும் இந்தத் தடவ கொஞ்சம் மடிச்சுவிட்டுக்குங்க. ஓடுறப்ப தடுக்குது," என்றாள்.